மிடியும் தப்பும்

மிடி என்ற சொல்லை நம்முடைய அகராதிகளில் தேடினால் வறுமை என்று பொருள் எழுதியிருக்கும். மலைநாட்டில் பிறந்தவனுக்கு அந்தப் பொருளை அறிய அகராதி வேண்டியதில்லை. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட மிடி வேறு. இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமான ஒரு பொது மொழிக்கு, ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துக்களைக் கூட்டி இட்ட பெயர் அது. இரண்டு மிடிகளுக்கும் உறவில்லை. பெயர் ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் முதல் மிடிக்குள் பிறந்தவர்கள் இரண்டாவது மிடியைக் கையிலெடுத்து என்ன செய்யலாம், யாருக்காகச் செய்யலாம் என்ற கேள்வி தற்செயலானதல்ல. அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

மஸ்கெலியா கடைத்தெருவில் வானொலி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். தாய் கொழுந்து பறித்தவள். தகப்பன் கவ்வாத்து வெட்டியவர். எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் காமன் கூத்து நடக்கும் இரவுகளில், ஆடுகளத்துக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில் ஒளியுருவங்களை ஓடவிடுவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகிறது. முன்கூட்டித் தயாரித்த படத்தை ஓட்டுவதைப் போன்றதல்ல இது. கூத்து நடக்க நடக்க, அதன் வேகத்துக்கும் உணர்ச்சிக்கும் ஏற்ப, உருவங்களை அந்தக் கணத்திலேயே பெருக்கவும் சுருக்கவும் நிறம் மாற்றவும் மறைக்கவும் வேண்டும். இருட்டில் நின்றுகொண்டு, கண்ணை ஆட்டத்தின் மீது வைத்தபடி, கணினியின் விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தால் இது ஆகாது. விரல் பட்டவுடன் இணங்கும் திருகுகளும், மேலும் கீழும் தள்ளக்கூடிய ஃபேடர்களும், பொத்தான்களும் கொண்ட தனிப் பெட்டி ஒன்று வேண்டும். மிடி கன்ட்ரோலர் என்று தொழிலில் அதைச் சொல்வார்கள். நான் பெட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

காமன் கூத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். மாசி மாதத்தில் மூன்றாம் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றுவார்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்பட்ட மன்மதன் நெற்றிக்கண்ணின் தீயில் எரிந்து சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள். கதை இவ்வளவே. ஆனால் அதைத் தோட்டத்து மக்கள் இரவிரவாக ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த சொத்துக்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றுள் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் அடங்கும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோதும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பெயரால் குடும்பங்கள் கூறுபோடப்பட்டுக் கப்பலேற்றப்பட்டபோதும், நாடற்றவர்களுக்கு இந்தக் கூத்துக்களே நாடாக இருந்தன. எவருடைய ஏவலுக்கோ போய் எரிந்தவனுக்காக ஒரு பெண் அழும் கதை, ஏவலுக்கென்றே பிறந்தவர்களாகக் கருதப்பட்ட மக்களின் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை.

இந்தக் கூத்தின் உயிர்நாடி தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காட்டிக் காய்ச்சி, தடித்த குச்சி ஒன்றும் மெல்லிய குச்சி ஒன்றும் கொண்டு அடிப்பது. அடி மாறினால் ஆட்டம் மாறும். அடி நின்றால் கூத்து நிற்கும். இதே தப்புக்குத் தோட்டத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. விடியுமுன்பே லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு வரச்செய்ய அடிக்கப்பட்டதும் தப்புத்தான். இரவில் மக்களின் கலையாக இருந்த கருவி, விடியலில் துரையின் கட்டளையாக மாறியது. அடித்த கை ஒன்றே. ஏவிய வாய் வேறு. அந்தக் கைக்குச் சாதியின் பெயரால் நம்மவர்களே காட்டிய அவமதிப்பையும் இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். தப்பில்லாமல் திருவிழாவும் இல்லை, சாவும் இல்லை; ஆயினும் தப்படிப்பவருக்குக் கோயில் வாசலில் இடமில்லாத காலம் நெடுநாள் இருந்தது. அதன் எச்சம் முற்றாகப் போய்விட்டதென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தப்பைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணமுண்டு. மிடி என்பதும் இசையன்று, ஒளியுமன்று, வெறும் கட்டளை. பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் கம்பியில் ஓசையோ படமோ செல்வதில்லை, எண்களே செல்கின்றன. ஒரு ஃபேடரைத் தள்ளினால் மூன்று எண்கள் புறப்படும். இது எவ்வகைக் கட்டளை, எந்த வழியில் வருகிறது என்பது முதலாவது. எத்தனையாவது திருகு அல்லது ஃபேடர் என்பது இரண்டாவது. அது எவ்வளவு நகர்ந்தது என்பது மூன்றாவது. அந்த அளவு 0 முதல் 127 வரை 128 படிகளில் அமையும். வழிகள் 16. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டுவதா, வட்டத்தைப் பெருக்குவதா, நிறத்தை மாற்றுவதா என்று தீர்மானிப்பது கணினியிலுள்ள செயலி. அந்தச் செயலிக்கு அதைக் கற்றுக்கொடுப்பவன் மனிதன். ஆகவே இந்த யந்திரத்தில் கேட்கத்தக்க முதற்கேள்வி, பிரட்டுத் தப்பைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டிய அதே கேள்விதான்: கட்டளையிடுபவர் யார்?

இந்த மொழி பிறந்த கதை நம்முடைய கவனத்துக்குரியது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக்கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. ஒவ்வொரு முதலாளியும் தன் வேலிக்குள் தன் மொழியை வைத்திருந்தார். 1981இல் அமெரிக்கப் பொறியியலாளர் டேவ் ஸ்மித் பொதுவான மொழி ஒன்று வேண்டுமென்று முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காகெஹாஷியும் அதே எண்ணத்தோடு உழைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலித்தது. அந்த மொழியைப் பயன்படுத்துவதற்கு எவரிடமும் உரிமைப்பணம் கேட்கவில்லை. முதலாளிகளின் நெஞ்சில் திடீரெனக் கருணை சுரந்தது என்று நான் சொல்லவரவில்லை. வேலிகள் நீடித்தால் சந்தையே சுருங்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் எந்தக் கணக்கில் திறக்கப்பட்டதாயினும் திறந்த கதவு திறந்த கதவே. காகெஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் மறைந்தார்கள். அவர்கள் திறந்து வைத்த கதவின் வழியாக, மஸ்கெலியாக் கடைத்தெருவில் பழுதுபார்க்கும் ஒருவன் எவரிடமும் அனுமதி கேளாமல் இன்று உள்ளே போக முடிகிறது.

ஒளியைக் கருவிபோல வாசிக்கும் ஆசையோ இதைவிட மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கஸ்தேல் என்ற பாதிரியார், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் தோன்றும் வாத்தியம் ஒன்றைச் செய்ய முயன்றார். ருஷ்ய இசைமேதை ஸ்க்ரியாபின் தன்னுடைய படைப்பொன்றில் ஒளிக்கென்றே தனிச் சுரவரிசை எழுதினார். 1922இல் தாமஸ் வில்ஃப்ரெட் கிளாவிலக்ஸ் என்ற ஒளிவாத்தியத்தை நியூயார்க்கில் மக்கள்முன் வாசித்துக் காட்டினார். அவர்களெல்லாம் பெரிய மண்டபங்களுக்காகச் செய்தார்கள். தீப்பந்தத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் வேடக்காரரின் முகத்துக்கு உயிரூட்டிய நம்முடைய கூத்துக்காரர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதிவைக்க ஆளில்லை, அவ்வளவே வேறுபாடு.

மஸ்கெலியாவில் ஒளியைப் பற்றிப் பேசுபவன் மவுசாக்கலையை மறந்து பேசமுடியாது. 1960களின் இறுதியில் அணை கட்டி நீரைத் தேக்கியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். மக்கள் திரள்திரளாகப் போய்ப் பார்ப்பார்கள். அந்த நீர் மின்சாரமாகி நாடெங்கும் சென்றது. அணைக்கு மேலே மலைச்சரிவிலிருந்த லயங்கள் பலவற்றில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் குப்பிலாம்புதான் எரிந்தது. இந்த வரலாறு உள்ள ஊரில், ஒரு லயத்துப் பையன் ஒளியைத் தன் விரல் நுனியால் ஆள விரும்புவதை வீண் ஆடம்பரம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இனித் தேர்வைப் பற்றி. விலைக்குக் கிடைக்கும் பெட்டிகள் பலவகை. கோர்க் நானோகன்ட்ரோல் 2 என்பதில் எட்டு ஃபேடர், எட்டுத் திருகு; கைப்பைக்குள் அடங்கும். அகாய் ஏபிசி மினி என்பதில் 64 பொத்தான்களும் ஒன்பது ஃபேடர்களும் உண்டு. நோவேஷன் நிறுவனத்தின் லாஞ்ச்பேட் 64 சதுரங்கள் ஒளிரும் பலகை. முதற்பார்வைக்குப் பொத்தான் மிகுந்ததே சிறந்ததென்று தோன்றும். கூத்துக் களத்தில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் அந்த மயக்கம் தீரும். ஒளியாட்டத்தில் பொத்தானின் வேலை ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. உணர்ச்சியோடு சேர்ந்து மெல்ல ஏறவும் மெல்ல வடியவும் ஃபேடர் வேண்டும். திருகு இரண்டுக்கும் நடுவே நிற்பது. இடம் அதிகம் பிடிக்காது, ஆனால் இருட்டில் அது எங்கே நிற்கிறதென்று விரலுக்கு எளிதில் தெரியாது. ஃபேடரில் விரலை வைத்தவுடனே தெரியும்: அடியிலா, நடுவிலா, உச்சியிலா என்று.

முடிவில்லாமல் சுற்றும் திருகுகளும் இருக்கின்றன. காட்சியை மாற்றும்போது கணினி வேறோர் அளவில் நிற்கும். சாதாரணத் திருகோ பழைய இடத்திலேயே இருக்கும். தொட்டவுடன் வெளிச்சம் திடுக்கிட்டுத் தாவிவிடும். முடிவற்ற திருகு இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கிறது. அதற்கு விலையாக, எங்கே நிற்கிறோம் என்ற உணர்வை விரலிடமிருந்து பறித்துக்கொள்கிறது. என் முடிவு இது: கூத்துக்கு ஃபேடர், எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒரே வேலையை எப்போதும் செய்யட்டும்.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவள் என் தாய். நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த 64 பொத்தான் பலகையை ஒருநாள் இரவல் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தேன். அம்மா அதன்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா கைக்கு எப்படிப்பா அடையாளம் தெரியும்? கொழுந்துக்கும் முத்தின இலைக்கும் வித்தியாசம் கண்ணா பார்த்துச் சொல்லுது? கைதானே சொல்லுது" என்றாள்.

கொழுந்து பறிப்பவரைக் கவனித்தவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். கண் அடுத்த செடியில் இருக்கும். இரண்டு கையும் இந்தச் செடியில் இரண்டிலை ஒரு மொட்டைத் தேடி ஒடித்துக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுவதும் பயின்ற இந்த அறிவுக்குப் பெயர் 'பயிற்சியற்ற உழைப்பு'. 2021இல் இந்த உழைப்பின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்குவதற்கே பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆயிற்று. தொழிற்சாலையில் செய்த ஒரு நல்ல பெட்டி, இத்தகைய கையின் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். 2022இல் நாடு கடனில் மூழ்கியபோது, 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டாலர் இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டுப் பொருள் கனவாயிற்று. அந்த ஆண்டில்தான் நான் பெட்டியை நானே செய்யத் தொடங்கினேன்.

செய்முறை அஞ்சத்தக்கதல்ல. மூளையாக அமைவது ஆர்டுயினோ இனத்தைச் சேர்ந்த, தீப்பெட்டியைவிடச் சிறிய பலகை ஒன்று. ஆர்டுயினோவும் 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாகி, வரைபடங்கள் உலகுக்குத் திறந்துவிடப்பட்ட பொருளே. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏடிமெகா 32யு4 என்ற சில்லு உள்ள புரோ மைக்ரோ பலகையைக் கணினியில் செருகினால், கணினி அதை இசைக்கருவியாகவே ஏற்றுக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் ஊனோ பலகைக்கு நேராக அந்தத் திறமை கிடையாது. திருகுகளையும் ஃபேடர்களையும் செத்துப்போன ஒலிபெருக்கிகளிலிருந்து எடுக்கலாம். என் கடையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் ஓசையைக் கூட்டக் குறைக்க வைக்கும் திருகு பெரும்பாலும் ஏ வகை. காதின் இயல்புக்கேற்ப அது முற்பாதியில் மெதுவாகவும் பிற்பாதியில் வேகமாகவும் ஏறும். ஒளிக்கு அளவு ஒரே சீராக ஏறவேண்டும். அதற்குப் பி வகை, 10 கிலோ ஓம். உடலில் பொறித்திருக்கும் அந்த ஓரெழுத்தைப் பார்த்து எடுப்பவனுக்குப் பாதிச் சங்கடம் குறையும்.

பலகை ஒவ்வொரு திருகின் மின்னழுத்தத்தையும் 0 முதல் 1023 வரை அளக்கிறது. மிடிக்கு வேண்டியது 127 வரை. எட்டால் வகுத்தால் போதும். ஆனால் கை படாமலே அந்த அளவு ஒன்றிரண்டு எண் ஏறி இறங்கித் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பையெல்லாம் அனுப்பினால் திரையில் உருவம் காய்ச்சல்காரன்போல் நடுங்கும். ஆகவே, முன்பு அனுப்பியதற்கும் இப்போதைய அளவுக்கும் போதிய வேறுபாடு இருந்தாலன்றி அனுப்பாதே என்று நிரலில் எழுதவேண்டும்; திருகின் நடுக்காலுக்கும் தரைக்கும் இடையே சிறிய மின்தேக்கி ஒன்றும் வைக்கலாம். பொத்தானும் அப்படித்தான்: ஒருமுறை அழுத்தினால் உள்ளே உலோகம் பலமுறை அதிர்ந்து படும், முதற்பட்டதை எடுத்துக்கொண்டு, ஆயிரத்தில் இருபது விநாடிக்குக் காதைப் பொத்திக்கொள்ளும்படி பலகைக்குச் சொல்லவேண்டும். கணினியில் ஒளியை வரைவதற்குப் பியூர் டேட்டா, பிராசசிங் ஆகிய செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ரெசொல்யூம் போன்றவை வசதி மிக்கவை, விலையும் மிக்கவை.

பெட்டியின் உடலுக்குப் பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினேன். தேயிலையைக் காகித மூட்டைகளில் ஏற்றத் தொடங்கியபின் அந்தப் பலகைகள் லயங்களில் தட்டியாகவும் அலுமாரியாகவும் காலம் கழிக்கின்றன. 4,000 அடி உயரத்தில், மழையிலும் பனிமூட்டத்திலும் உலோகத் தொடுப்புக்கள் விரைவில் களிம்பேறும். ஆகவே ஃபேடர் சந்துகளைத் துணிப்பட்டையால் மூடினேன். எட்டு ஃபேடர்களின் தலைகளையும் எட்டு விதமாக்கினேன். ஒன்றில் புட்டிமூடி, ஒன்றில் சுற்றிய நூல், ஒன்றில் கீறல், ஒன்றில் சட்டைப் பொத்தான். இப்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவி எது எதுவென்று சொல்லுகிறாள். தொழிற்சாலைப் பெட்டியில் இந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டி ஆயிற்று. ஆனால் கட்டளையிடுபவர் யார் என்ற கேள்வி தீரவில்லை. எட்டு ஃபேடரும் என் கையில் இருந்தால், கூத்தின் ஒளிக்கு எசமானன் நானேயாகிவிடுகிறேன். தோட்டத்து இளைஞர்களுள் சிலருக்கு அதில் ஆட்சேபமில்லை. ஒரு வருடம் வெளியூரிலிருந்து வாடகை விளக்குக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். அவருடைய யந்திரம் தனக்குள் எழுதியிருந்த தாளத்துக்குத் தானே சுழன்றது. ரதி தரையில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அவள்மேல் பச்சையும் ஊதாவும் கும்மாளமிட்டன. பெரியவர்கள் எழுந்து போனார்கள். யந்திரமே கூத்துக்குப் பகை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். காலத்துக்கேற்ப மாறாவிட்டால் கூத்தே அழியும் என்று இளைஞர்கள் வாதாடினார்கள். இரு கட்சியாரும் ஒன்றை மறந்தார்கள். அந்த இரவில் தவறு செய்தது மின்சாரமன்று. தப்பின் சொல்லைக் கேளாத ஆணவம்.

எனவே தப்பையே கட்டுப்பாட்டுக் கருவியாக்க எண்ணினேன். வழி எளிது. விளையாட்டுப் பொருள்களிலும் மணிக்கூடுகளிலும் கீச்சொலி எழுப்பும் பித்தளை வில்லை ஒன்றுண்டு, பீசோ என்பார்கள். மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிரச் செய்தால் மின்சாரம் கொடுக்கும். அதன் இரு முனைகளுக்கிடையே ஒரு மெகா ஓம் தடையையும், பலமான அடியில் எழும் மிகை மின்னழுத்தம் பலகையைச் சுட்டுவிடாமல் காக்க ஐந்து வோல்ட் அளவிலான சீனர் டயோடையும் வைத்துப் பலகையோடு இணைத்தால், ஒவ்வொரு அடியும் அதன் பலத்துக்கேற்ற எண்ணாக மாறும்.

எங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். தாத்தா முறை. அவருடைய தகப்பனார் பிரட்டுத் தப்படித்தவர். வில்லையைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு அடிக்கும் ஒரு நம்பர்னு சொல்றியே தம்பி, அந்த நம்பர யாரு எழுதி வச்சுக்கிறது?"

அவருடைய மனம் எங்கே போயிற்றென்று எனக்கு உடனே விளங்கியது. கொழுந்தை நிறுத்து எண் எழுதுவார்கள். நாளைக் கணக்கிட்டுப் பேர் போடுவார்கள். எழுதும் எண்ணெல்லாம் குறைப்பதற்கே எழுதப்பட்டதாக இருந்த வாழ்க்கையில், தன்னுடைய அடிக்கும் எண் போடுவார்கள் என்றால் அவருக்குச் சந்தேகம் எழுவது நியாயம்.

"யாரும் எழுதுறதில்ல தாத்தா. வெளிச்சம் ஒருதரம் பார்த்துக்கிட்டு விட்டுரும்" என்றேன்.

"அப்படின்னா சரி. தப்பு முந்தணும், வெளிச்சம் பிந்தணும். அது மட்டும் மாறக்கூடாது."

அந்த இரண்டு வாக்கியங்களும் என் நிரலுக்குச் சட்டமாயின. எண்களைச் சேமித்து வைக்கும் வரி எதுவும் அதில் இல்லை. விஞ்ஞானம் ஒன்றை அளக்க முடியும் என்பதனால் அளந்ததையெல்லாம் வைத்துக்கொள்ளும் உரிமை அதற்கு வந்துவிடாது. இதைப் பெரிய பெரிய கணினிக் கம்பெனிகளுக்கும் அந்தப் பெரியவர் சொல்லலாம்.

வேலையில் இறங்கியபோது அவரிடமிருந்து இன்னும் கற்றேன். தப்பை அடிக்கடி நெருப்பில் காய்ச்சுவார்கள். தோலில் ஒட்டிய வில்லை அந்தச் சூட்டில் பிழைக்காது, தோலின் குரலையும் கெடுக்கும். எனவே மரச்சட்டத்தில், கழற்றி மாட்டக்கூடிய துணிக்கச்சையில் அதைத் தைத்தோம். காய்ச்சிய தோல் விறைத்து நிற்கும். பனி இறங்க இறங்கத் தளரும். ஒரே பலத்தில் அடித்தாலும் எண் மாறும். அதற்காகப் பெட்டியில் ஒரு திருகை ஒதுக்கினேன்: எவ்வளவு மெல்லிய அடிவரை ஒளி செவிசாய்க்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். ஓர் அடியின் அதிர்வை இரண்டடியாக எண்ணாதிருக்க, ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஆயிரத்தில் முப்பது விநாடி பலகை காத்திருக்கும்.

ஒளி பிந்துவதைப் பற்றி நான் கொண்டிருந்த கவலையையும் அவருடைய சொல்லே தீர்த்தது. பழைய ஐந்து ஊசி மிடிக் கம்பியில் விநாடிக்கு 31,250 துளிச் செய்திகள் செல்லும். மூன்றெண் கட்டளை ஒன்று போய்ச்சேர ஆயிரத்தில் ஒரு விநாடிதான் ஆகும். தாமதம் கம்பியில் இல்லை. கணினியிலும் ஒளியெறியும் கருவியிலும் இருக்கிறது. ஆனால் களத்துக்கு 15 மீட்டர் அப்பால் உட்கார்ந்திருப்பவரிடம் தப்போசை போய்ச்சேர இருபதில் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. ஒளிக்கோ அந்தத் தூரம் ஒரு தூரமேயில்லை. ஆகவே கருவியின் தாமதமும் காற்றின் தாமதமும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டி, கூட்டத்தின் நடுவிலிருப்பவருக்கு அடியும் ஒளியும் ஒன்றாகவே வருகின்றன. வெளிச்சம் பிந்தவேண்டும் என்று பெரியவர் சொன்னது மரியாதையைப் பற்றி. பௌதிகமும் அவர் பக்கமே நின்றது.

இப்போது எங்கள் கூத்தில் நடப்பது இது. திரையின் வெளிச்சம் தப்பின் வசம். பெரியவர் அடிக்கும்போது ஒளி மூச்சுவிடுகிறது. அவர் நிறுத்தினால் இருள். எந்த உருவம், எந்த நிறம் என்பதை மட்டும் நான் ஃபேடர்களால் தேர்கிறேன். பனிமூட்டம் களத்துக்குள் இறங்கும் இரவுகளில் துணி வரை போகாமலே ஒளி காற்றில் தங்கி நிற்கும். அப்போது தப்பின் ஒவ்வொரு அடியும் பனியில் எழுதப்பட்டு அழிவதைப் பார்க்கலாம். காமன் எரியும் கட்டத்தில் எட்டாவது ஃபேடரை, நூல் சுற்றிய அந்த ஒன்றை, அடிவரை இறக்கிவிடுகிறேன். யந்திர ஒளி முழுதும் அணைகிறது. களத்தில் உண்மையான நெருப்பு மட்டும் எரிகிறது. ரதியின் புலம்பலுக்கு அந்தத் தணலே விளக்கு. ஒளியாட்டக்காரனிடம் இருக்கவேண்டிய கருவிகளுள் முதன்மையானது அணைக்கும் கருவி என்பது என் அனுபவம். வாங்குவதாயினும் செய்வதாயினும், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இருளாக்கக்கூடிய ஒரு ஃபேடர் இல்லாத பெட்டியைத் தொடவேண்டாம்.

கலை மக்களுக்காக என்று நம்முடைய எழுத்தாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நல்ல சொல். அதோடு ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கலையின் விசை எந்தக் கையில்? மக்களைப் பார்வையாளர்களாக உட்காரவைத்து அவர்கள்மேல் ஒளியைக் கொட்டுவது மக்கள் கலையாகாது. புதுமை வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே; அந்தப் புதுமையைப் பெட்டிக்குள் யாரோ எழுதிவைத்த தாளமாக வாடகைக்கு எடுக்கவேண்டாம். மரபு வேண்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடே; அந்த மரபில் தப்படிப்பவர் வாசலுக்கு வெளியே நின்றதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டாம். தப்பிலிருந்து ஒரு கம்பி ஒளிக்குப் போனவுடன் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் கூத்து முடிந்த காலையில், இளைஞர்கள் பெரியவரைச் சுற்றி உட்கார்ந்து, எந்த அடிக்கு எந்த வெளிச்சம் என்று கேட்கிறார்கள். அவர் சொல்லுகிறார், அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு முன்பு அந்தக் கேள்விகள் அவரிடம் கேட்கப்பட்டதில்லை.

சென்ற மாசிக்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் கடைக்கு வந்து தங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். செய்து தரமாட்டேன், செய்யக் கற்றுத்தருகிறேன் என்றேன். அவர்களுள் ஒரு பெண் பிள்ளை பற்றவைக்கும் கோலை முதல்முறை பிடித்தபோதே கை நடுங்கவில்லை. அவளுடைய தாயும் கொழுந்து பறிப்பவள். எட்டு ஃபேடர் எதற்கு, எங்கள் கூத்துக்கு ஐந்து போதும் என்று அவள் சொன்னாள். ஐந்துக்கே துளை போட்டிருக்கிறோம்.